சுவருக்குள் விட்ட வால்வு

முழங்கால் மடக்க முடியாமல் போனதும் நான் குழாய் வேலையை விட்டேன். விட்டு மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் கோவில்பட்டியில் புதிதாக வேலைக்கு இறங்கியிருக்கிற தம்பிகள் நீங்கள் போன் போட்டுக் கேட்கிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அண்ணாச்சி, வீட்டுக் குழா பூராத்தையும் மாத்தணும்ங்காவ. எவ்வளவு சொல்லட்டும்?" பைப் எத்தனை அடி, டேப் எத்தனை என்று நான் கேட்பேன் என எதிர்பார்ப்பீர்கள். அதெல்லாம் கடைக்காரரே கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார். நான் கேட்பது வேறு. சுவரை யார் பூசுகிறார், என்றைக்குப் பூசுகிறார் என்று கேட்பேன். "பெருசு மறுபடி சுவத்தப் பிடிச்சிட்டாரு" என்று போனை வைக்கும் முன்பே பக்கத்து ஆளிடம் சொல்லிச் சிரிக்கிறீர்கள். எனக்கு முழங்கால்தான் போயிற்று, காது போகவில்லை. ஏன் கேட்கிறேன் என்பதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. இந்த வேலையை நினைத்தால் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. காலையில் ஸ்கூட்டரில் பைப்பைக் குறுக்கே கட்டிக்கொண்டு பருத்திக்காட்டு வழியாகப் போவதும், பழைய இரும்புக் குழாயைத் திருகிக் கழற்றும்போது துருவும் சேறும் மூஞ்சியில் அடிப்பதும், புதுக் குழாயில் முதல் தண்ணீர் புஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டு வரும்போது வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து நின்று பார்ப்பதும், இன்றைக்கும் விடிகாலையில் படுக்கையில் கிடந்தபடி நினைத்துக்கொள்வேன். எத்தனை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். வேறு எந்தத் தொழில்காரனையும் அடுப்படி வரை விடமாட்டார்கள். அந்த மரியாதைக்காகவே இன்னொரு தடவை பிறந்து இதே வேலைக்கு வரலாம் என்று தோன்றும்.

நம் பக்கத்து வீடுகளின் சங்கதி உங்களுக்குத் தெரியும். போர்வெல் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க அதுதான். குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாயில் வருகிற நல்ல தண்ணீர். அது வாரம் ஒரு நாள் வந்தால் பெரிது. ஆகவே மாடியில் இரண்டு டேங்க், சுவருக்குள் இரண்டு லைன். புது லைன் போட்டால் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரை நிரப்பி வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். நல்ல தண்ணீர் லைனில் நல்ல தண்ணீரையே விட்டுச் சோதித்தால் வீட்டுக்காரம்மா விளக்குமாற்றோடு வருவாள். வாரமெல்லாம் காத்திருந்து பிடித்த தண்ணீரைச் சோதனை பார்த்துக் கொட்டுவதாவது. ஆகவே இரண்டு லைனுக்கும் நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் குழாய் போட்டு, அதில் ஒரு வால்வு வைத்து, உப்புத் தண்ணீரை அந்தப் பக்கம் திறந்துவிடுவோம். அதை நாம் பாலம் என்போம். சோதனை முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டு, பாலத்தை வெட்டி எடுத்து, இரண்டு வாயையும் அடைத்துவிட வேண்டும். கேட்கவே சின்ன வேலை, அரை மணி நேரம்.

கடம்பூர் போகிற வழியில் ஒரு கிராமம். கருப்பசாமி என்பவரின் வீடு. செம்மறிக் கிடை போடுகிற குடும்பம், கொஞ்சம் மானாவாரிக் காடும் உண்டு. அவர் பாதி நாள் ஆட்டோடு வெளிக்காட்டில் கிடப்பார். வீட்டை நடத்துவது அவர் மனைவி செண்பகம். ஒரே மகள் கோமதி. அவர்கள் வீட்டு இரும்புக் குழாயை உப்பு தின்றுவிட்டது. தரைக்கு அடியில் கசிந்து கசிந்து கரிசல் மண் ஊதி, அடுப்படித் தரை ஒரு பக்கமாகத் தூக்கி, சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. கோமதிக்கு ஒரு வரன் கூடியிருந்தது. நிச்சயத்தை வீட்டில் வைத்தே செய்வதாகப் பேச்சு. அதற்குள் குழாயை மாற்றிவிட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"எவ்வளவு ஆகும் அண்ணாச்சி?" என்று செண்பகம் கேட்டாள்.

பைப்பு, டேப்பு, என் கூலி எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொன்னேன்.

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான் தாயி."

புத்தி கெட்டவன் நான். அதிகமாகச் சொன்னால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்று குழாய்க்கு மட்டும் சொல்லிவிட்டு, சுவரைப் பற்றி மூச்சு விடவில்லை. வெட்டின பிறகு பார்த்தால் அடுப்படிச் சுவர் பூராவும் பூச வேண்டும், தரையை உடைத்துப் போட வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். குழாய்க்கு ஆனதைப் போல இரண்டு பங்கு அதற்கே ஆயிற்று. செண்பகம் உடைந்த தரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "குழாய்க்குச் சொன்னீயள், சுவத்துக்குச் சொல்லலையே அண்ணாச்சி," என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. மறுநாள் கிடையிலிருந்து இன்னும் இரண்டு கிடாய் சந்தைக்குப் போயிற்று. கருப்பசாமி அவற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது நான் பைப்பை அளக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அதனால்தான் தம்பிகளே, முதலில் சுவருக்குச் சொல்லுங்கள், பிறகு குழாய்க்குச் சொல்லுங்கள் என்கிறேன். அந்த வீட்டில் பிந்தி வந்த வினை எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

வேலை முடிந்து, பாலம் போட்டு, ராத்திரி முழுக்க உப்புத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவில்லை. பாலத்துக்குப் புது வால்வு வாங்காமல், கழற்றிப் போட்ட பழைய குழாயிலிருந்த பித்தளை வால்வையே மாட்டியிருந்தேன். ஒரு ராத்திரி வேலைக்கு அது போதும் என்ற நினைப்பு. காலையில் வால்வை மூடி நல்ல தண்ணீர் லைனை வடித்துவிட்டேன். பாலத்தை வெட்டலாம் என்று உட்காரும்போது கடம்பூரிலிருந்து போன். இன்னொரு வீட்டில் மோட்டார் நின்றுவிட்டது, உடனே வரச் சொன்னார்கள். மத்தியானம் வந்து வெட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். அன்றைக்குச் சுவர் பூச வரவிருந்த கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனேன்.

திரும்பி வரும்போது சுவர் பூசி முடிந்திருந்தது. கொத்தனார் கை கழுவிக்கொண்டிருந்தார். வால்வின் கைப்பிடிச் சக்கரம் மட்டும் ஜன்னல் கட்டையில் கழன்று கிடந்தது. பூச்சுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததாம், அதனால் திருகிக் கழற்றிவிட்டாராம்.

"அண்ணாச்சி, அது தேவப்படுமா?" என்று கேட்டார்.

தேவைப்படும், சுவரை உடைக்கணும் என்று சொல்ல எனக்கு அப்போது வாய் இருந்தது. ஈரப் பூச்சு, பத்து நிமிஷத்தில் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் செண்பகம் வாசலில் நின்று அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு நாளாகப் புழுதியில் கிடந்தவள் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். இரண்டு கிடாயை விற்று எழுப்பின சுவரை மறுபடி உடை என்று எந்த மூஞ்சியை வைத்துச் சொல்வது? வால்வு மூடித்தானே இருக்கிறது, மூடின வால்வு வழியாகத் தண்ணீர் எப்படிப் போகும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். "தேவப்படாது," என்று சொல்லிவிட்டேன். சக்கரத்தை எடுத்து என் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

நிச்சயத்துக்குப் பத்து நாள் இருந்தது. இரண்டு நாள் கழித்துப் பஞ்சாயத்துத் தண்ணீர் வந்த அன்று மாடியில் இருந்த நல்ல தண்ணீர் டேங்கை நிரப்பி, விசேஷத்துக்கு ஆகட்டும் என்று அதைத் தொடாமல் வைத்தார்கள். வீட்டுச் செலவுக்குக் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. "வீட்டையே புதுசாக்கிக் குடுத்த அண்ணாச்சி நீங்க, வராம இருக்கக் கூடாது," என்று செண்பகம் போனில் சொன்னாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பெருமையாகத்தான் போனேன், மறைப்பானேன்.

மாப்பிள்ளை வீட்டார் குளத்தூர். முப்பது பேர் வேனில் வந்தார்கள். வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். சாப்பாடு கடம்பூரிலிருந்து சமைத்து வருகிறது. வீட்டில் செய்ய வேண்டியது காப்பி ஒன்றுதான். பெண் கையால் காப்பி கொடுப்பது அந்தக் குடும்பங்களில் வழக்கம் என்பதால் கோமதியே அடுப்பில் நின்றாள். மாப்பிள்ளையின் சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுவரையும் டேப்பையும் நன்றாகப் பார்த்துவிட்டு, "குளத்தூர்ல வீடு கட்டுதேன். நீங்கதான் வந்து செய்யணும்," என்றார். ஒரு முழு வீட்டு வேலை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்போதுதான் அடுப்படியிலிருந்து செண்பகம் வெளியே வந்து கருப்பசாமியின் காதில் ஏதோ சொன்னாள். பால் திரிந்துவிட்டது. சரி, பால் பழசாக இருக்கும், பாத்திரத்தில் புளி ஒட்டியிருக்கும் என்று நாலு பேர் நாலு சொன்னார்கள். பக்கத்து வீட்டில் அப்போதே கறந்த பாலை வாங்கி வந்தார்கள். வேறு பாத்திரம். கோமதி தண்ணீர் சேர்த்து அடுப்பில் வைத்தாள். கொதி வந்ததும் அதுவும் கட்டி கட்டியாகப் பிரிந்துவிட்டது.

கோமதிக்கு ஏற்கெனவே ஒரு இடத்தில் நிச்சயம் ஆகி நின்றுபோயிருந்தது. நிச்சயம் முடிந்து மூன்றாம் நாள் அந்த மாப்பிள்ளையின் அப்பா பைக்கில் போய் விழுந்து காலை முறித்துக்கொண்டார். பெண்ணின் ராசி என்று சொல்லி அவர்கள் விலகிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் கழித்து இப்போதுதான் இந்த வரன் கூடியிருந்தது.

மாப்பிள்ளையின் அத்தை எழுந்து நின்றாள். "மொதத் தடவ திரிஞ்சதுக்குப் பால்னு சொல்லலாம். ரெண்டாந்தடவையும் திரிஞ்சா என்னன்னு சொல்ல? ஏற்கெனவே ஒரு எடத்துல நின்ன பிள்ளையாமே. நமக்கு இத மொதல்லயே யாரும் சொல்லலயே." பிறகு தன் அண்ணனை, மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்து, "இன்னைக்கு வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும், பேசிக்கிடுவோம்," என்றாள். கொஞ்ச நாள் போகட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். வேன் டிரைவர் செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

நான் அடுப்படிக்குள் போனேன். கோமதி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அழவில்லை. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல தண்ணீர் டேப்பைத் திறந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். உப்பு. உப்புத் தண்ணீர் விட்டால் பால் திரிந்துபோகும் என்று நம் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். சக்கரத்தைக் கழற்றும்போது கொத்தனார் கையில் வால்வின் தண்டு ஒரு சுற்றுத் திரும்பியிருக்கிறது, அல்லது பழைய வால்வு சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. எதுவானால் என்ன, மாடியில் உப்பு டேங்க் உயர மேடை மேலே, நல்ல டேங்க் அதற்குக் கீழே. எட்டு நாளாகச் சுவருக்குள் சத்தமில்லாமல் இறங்கிக் கலந்திருக்கிறது.

ஒரு நிமிஷம் நின்றேன், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டில் தண்ணீரை ஊற்றி மூன்றாவது பாலைக் காய்ச்சச் சொன்னால் திரியாது. யாருக்கும் எதுவும் தெரியாது. என் பேர் தப்பும், குளத்தூர் வேலையும் கைக்கு வரும். பாவி மனசு அதைத்தான் முதலில் நினைத்தது. ஆனால் மூன்றாவது பால் நன்றாக வந்தாலும் முதல் இரண்டு பால் அந்தப் பிள்ளை தலையில்தானே நிற்கும். நாளைக்கு அந்த வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால்கூட இந்தப் பால்தான் பேச்சுக்கு வரும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வெளியே வந்து சொன்னேன். "பாலு மேல தப்பில்ல, பிள்ள மேலயும் தப்பில்ல. என் வேலையில தப்பு. நல்ல தண்ணியில உப்புத் தண்ணி கலந்துருக்கு."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க பொண்ணு வீட்டு ஆளு. சமாளிக்கதுக்கு எதையாவது சொல்லுதீயள்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். கருப்பசாமியைப் பார்த்து, "ஒரு கம்பியும் சுத்தியலும் குடும்," என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. ஆட்டுப்பட்டிக்கு முளை அடிக்கிற கம்பியையும் சுத்தியலையும் கொண்டுவந்து கொடுத்தார். வெள்ளைச் சட்டையோடு அந்தப் புதுச் சுவரில் அடித்தேன். நீலப் பெயிண்ட் பாளம் பாளமாக விழுந்தது. முப்பது பேரும் அடுப்படி வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். நாலைந்து அடி விழுந்ததும் பாலம் தெரிந்தது. நடுவில் கைப்பிடி இல்லாத பித்தளை வால்வு. வெறும் தண்டு ஒரு சுற்றுத் திறந்து நின்றது. அதைச் சுற்றி உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது.

"இதுதான். சோதனைக்குப் போட்டேன், எடுக்காம விட்டுட்டேன்," என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா முன்னால் வந்தார். இருபது வருஷம் உப்பளத்தில் கிடந்த மனுஷன். டேப்பைத் திறந்து உள்ளங்கையில் பிடித்துக் கொஞ்சம் வாயில் விட்டுத் துப்பினார். "போர் தண்ணிதான். எனக்கா தெரியாது," என்றார். தங்கையைப் பார்த்து, "உக்காரு," என்றார். பிறகு அடுப்பைக் காட்டி, "வேற தண்ணி எடுத்து வைங்க. அந்தப் பிள்ளையே காய்ச்சட்டும்," என்றார்.

பக்கத்து வீட்டுக் குடத்திலிருந்து தண்ணீர் வந்தது. கோமதி பாலை வைத்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ லைனுக்கு முன்னால் தண்ணீர் வருமா வருமா என்று நின்றிருக்கிறேன். அந்தப் பால் கொதிக்கிற வரை நின்றது போல எங்கேயும் நின்றதில்லை. பால் பொங்கி வந்தது. நுரை விலக்கிப் பார்த்தாள். வெள்ளையாக, ஒரு பிரிவில்லாமல் இருந்தது. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பாயில் உட்கார்ந்தார். பத்து நிமிஷத்தில் தாம்பூலம் மாற்றினார்கள். அந்த அத்தை இரண்டு டம்ளர் காப்பி குடித்தாள்.

நான் பின்பக்கம் உட்கார்ந்து காரைத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். குளத்தூர்ச் சித்தப்பா அதற்குப் பிறகு என் பக்கம் வரவில்லை, அதில் நியாயம் இருக்கிறது. செண்பகம் வந்து நின்றாள். ஏசுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தேன்.

"சுவத்த மூடுத அன்னைக்கே ஒமக்குத் தெரியுமா அண்ணாச்சி?"

"தெரியும் தாயி."

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாளே என் செலவில் சுவரைப் பூசி, டேங்கைக் கழுவி, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு டீ வாசலில்தான் வந்தது. அடுப்படிக்குள் கூப்பிடவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது வலிக்கத்தான் செய்கிறது.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. அன்றைக்குக் காரை கூட்டிக்கொண்டிருந்தபோது கடைசியாகக் கோமதி வந்தாள். நிச்சயப் புடவையோடு, ஒரு டம்ளர் காப்பியோடு. வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. பேசாமல் இருக்கவும் முடியவில்லை. என் தப்பில் கொஞ்சத்தையாவது இறக்கி வைக்க வேண்டும் என்ற நப்பாசையோ என்னவோ, வாய் தானாகக் கேட்டது.

"மொதப் பாலு திரிஞ்சதுமே தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்திருக்கலாம்லா தாயி? அப்பவே தெரிஞ்சிருக்குமே."

அவள் உடைந்த சுவரைப் பார்த்தாள்.

"தண்ணி மேல எனக்குச் சந்தேகமே வரல மாமா," என்றாள். "என் மேலதான் வந்துச்சு."